பஸ் ஏறாத பஸ் பாட்டு

வாசகர் கேட்டது: "ரயிலைப் பத்திப் பாட்டு எழுதினா புரியுது. அதுக்குன்னு ஒரு தாளம் இருக்கு. பஸ்ஸுக்கு என்ன இருக்கு? கியர் மாத்துற உறுமல், சில்லறைச் சண்டை, கம்பியைப் பிடிச்ச கை வலி. தினமும் வேலைக்குப் போற பஸ்லேருந்து உருப்படியா ஒரு பாப் பாட்டு பிறந்திருக்கா? இங்கிலீஷ்னாலும் சரி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

3 ஜூன் 2025, மாலை

இருக்கிறது. தி ஹாலீஸ் குழுவின் 'பஸ் ஸ்டாப்', 1966. மான்செஸ்டர்ப் பையன்கள். பாப் பாட்டுத் தரவரிசையில் பிரிட்டனில் ஐந்தாம் இடம், அமெரிக்காவிலும் ஐந்தாம் இடம். அமெரிக்காவில் முதல் பத்துக்குள் அவர்கள் நுழைந்ததே இந்தப் பாட்டால்தான். எழுதியவர் கிரஹாம் கூல்ட்மன். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது, ஆண்கள் துணிக்கடையில் வேலை. கடைக்குப் பஸ்ஸில் போகும்போது எழுதிய பாட்டு. கேஸ் முடிந்தது. அடுத்த கேள்வியைக் கொண்டுவாருங்கள்.

3 ஜூன், இரவு

கேஸ் முடியவில்லை. தூங்கும் முன் ஒரு தடவை கேட்கலாமென்று போட்டு நாலு தடவை ஓட்டிவிட்டேன். பதினைந்து வருஷமாகத் தெரிந்த பாட்டு. இன்றைக்குத்தான் உறைத்தது: இந்தப் பஸ் பாட்டில் ஒருத்தரும் பஸ் ஏறவில்லை.

கதை இவ்வளவுதான். மழை நாள். ஸ்டாப்பில் ஒரு பெண் நிற்கிறாள். என் குடைக்குள் வாருங்கள் என்கிறான் இவன். பஸ் வருகிறது, பஸ் போகிறது, அவள் போகவில்லை. கோடை முழுக்க அதே குடை. ஆகஸ்டுக்குள் காதல் கனிந்துவிடுகிறது. கடைசியில் வெயில் வந்து குடைக்கு வேலை போய்விடுகிறது, கல்யாணப் பேச்சு. எல்லாம் மூன்று நிமிஷத்துக்குள். பஸ் என்ற வண்டி கதையில் தலைகாட்டுவது ஒரே ஒரு தடவை, அதுவும் இவர்களை விட்டுவிட்டுப் போவதற்கு.

ஆக, நான் உங்களுக்குக் காட்டியது பஸ் பாட்டே இல்லை, காத்திருக்கும் பாட்டு. ஒரு பாயின்ட் உங்களுக்கு.

5 ஜூன்

ரயிலுக்குத் தாளம் உண்டு என்பதை மட்டும் அப்படியே விட மனசில்லை. அந்தத் தடக்-தடக் ரயிலுடையது இல்லை, தண்டவாளத்துடையது. துண்டு துண்டாக இருந்த தண்டவாளங்களின் இணைப்பு இடைவெளியில் சக்கரம் விழுந்து எழும் சத்தம் அது. இப்போது நீள நீளமாகப் பற்றவைத்துப் போட்டுவிடுகிறார்கள், சத்தம் பெரும்பாலும் போய்விட்டது. புதுப் பெட்டியில் உட்கார்ந்தால் ஏ.சி.யின் ஊஊஊதான். இன்றைக்குப் பிறக்கிற குழந்தை ரயில் பாட்டைக் கேட்டு, இது ஏன் இப்படித் துள்ளுது என்று கேட்கும்.

பஸ்ஸுக்குத் தாளம் இல்லை என்பதையும் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பின் ஜன்னல் கண்ணாடி, வண்டி நியூட்ரலில் நிற்கும்போது மட்டும் ஆதிதாளத்தில் ஆடும். கியர் விழுந்தால் நின்றுவிடும். கண்டக்டரின் விசில் அதற்கு அறுதி. இதைப் பாட்டாக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

7 ஜூன்

திருத்தம். 3ஆம் தேதி மாலை எழுதியதில் பாதி தப்பு. "பஸ்ஸில் போகும்போது எழுதிய பாட்டு" என்று வீராப்பாக எழுதினேன். கூல்ட்மன் சொல்லிவரும் கதை இப்படி: யோசனை வந்தது வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில். தலைப்பும் கையில் இருந்தது. ஆனால் முதல் வரிகளை எழுதியவர் அவருடைய அப்பா ஹைம் கூல்ட்மன், நாடகம் எழுதுகிறவர். அதை வாங்கிக்கொண்டு மகன் தன் படுக்கையறையில் உட்கார்ந்து மீதியை எழுதினார். நடுப்பகுதி மட்டும் அமையவில்லை. அது மறுநாள் காலை கடைக்குப் போகும் பஸ்ஸில் அமைந்தது.

பாப் பாட்டில் 'மிடில் எய்ட்' என்பார்கள். நம் பல்லவி, சரணம் கணக்கில் இரண்டிலும் சேராது. பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் எட்டு பார் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) அளவுக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டு மறுபடி பழைய மெட்டுக்கு வந்து சேரும் இடம்.

ஆக மொத்தம் பஸ்ஸில் ஓடும்போது பிறந்தது எட்டு பார். மீதி வீட்டில்.

8 ஜூன்

எதிர்பார்த்தேன். "எட்டு பாருக்கா இவ்வளவு அலட்டல்? இது அப்பா பாட்டுன்னு சொல்லுங்க" என்கிறார் நம் வாசகர்.

இருங்க ஐயா. அந்த எட்டு பாரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அப்பா எழுதித் தந்த ஆரம்பம் ஒரு நாடக ஆசிரியனின் ஆரம்பம். மழை, ஸ்டாப், அவள், குடை. ஒவ்வொன்றும் இரண்டே சொல். திரை விலகியதும் மேடையில் என்ன பொருள், யார் நிற்கிறார்கள் என்று எழுதுவார்களே, அதே மாதிரி. ஒரு நாள், ஒரு காட்சி. அது மட்டும் இருந்தால் பாட்டு ஒரு மழை நாள் சம்பவம். நடுப்பகுதி வந்ததும்தான் 'தினமும் காலை' என்ற விஷயம் உள்ளே வருகிறது. தினமும் காலையில் அவளை ஸ்டாப்பில் பார்க்கிறான். சில நாள் கடைக்குப் போய்வந்து வாங்கியதை அவனுக்குக் காட்டுகிறாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் இதுகளுக்குப் பைத்தியமா என்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

அந்தப் பக்கத்தில் நிற்கிறவர்கள்! அதுவரை பாட்டில் இரண்டே பேர். நடுப்பகுதியில்தான் ஊர் உள்ளே வருகிறது. வீட்டு அறையில் உட்கார்ந்திருந்தபோது வராத அந்தக் கூட்டம், நாலு பேர் முறைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் வந்துவிட்டது. வாய்க்குள் மெட்டை முனகிக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் எதிர் சீட்டுக்காரர் எப்படிப் பார்த்திருப்பார்? அந்தப் பார்வைதான் பாட்டில் இருக்கிறது என்பது என் ஊகம். ஊகம்தான். விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு பாயின்ட் எனக்குத் திரும்பி வந்தது.

8 ஜூன், அப்புறம்

"பைத்தியமா என்று பார்த்தார்கள்" என்பது இங்கிலீஷ்காரர்களுக்குப் பொருந்தும். ஸ்டாப்பில் நின்று வாங்கிய புடவையைப் பிரித்துக் காட்டினால் நம்மூரில் பைத்தியம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். "என்ன விலைம்மா? எந்தக் கடை?" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். பாட்டு அங்கேயே திசை மாறிவிடும்.

10 ஜூன்

அப்பா பற்றி ஒரு சேர்க்கை. ஹைம் கூல்ட்மன் சும்மா வரி திருத்துகிற அப்பா இல்லை. அதே 1966இல் ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸ் குழு பாடி வெளிவந்த 'நோ மில்க் டுடே'வுக்கும் பொறி அவருடையதுதான். ஒரு நண்பர் வீட்டுக்குப் போனபோது வாசலில் காலிப் பால் பாட்டில், அதில் 'இன்று பால் வேண்டாம்' என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டுக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கலாம், வீட்டில் இருந்த ஒருத்தி போய்விட்டாளோ என்று மகனிடம் சொல்லியிருக்கிறார்.

பால் சீட்டும் பஸ் ஸ்டாப்பும் தினமும் காலை வாசலைத் தாண்டினால் கண்ணில் படுகிற சங்கதிகள். கூல்ட்மன் பின்னால் டென் சிசி குழுவில் 'டிரெட்லாக் ஹாலிடே' வரைக்கும் வெளிநாட்டுக் கடற்கரைக்கெல்லாம் போனார். எனக்கென்னவோ அந்தப் பால் பாட்டிலும் குடையும்தான் பிடித்திருக்கிறது.

14 ஜூன்

என் கதையைக் கேட்கிறார்கள். சொல்கிறேன், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

2009இல் மான்செஸ்டருக்குப் படிக்கப் போனேன், பிறகு வேலை, மொத்தம் மூன்று வருஷம். வித்திங்டன் பக்கம் அறை. லைப்ரரிக்கு எதிரில் ஸ்டாப். அங்கிருந்து வில்ம்ஸ்லோ ரோடு நேராக யுனிவர்சிட்டி வரை போகும், நடுவில் ரஷோம். அங்கே பிரியாணி வாசனை காலை ஒன்பது மணிக்கே பஸ்ஸுக்குள் வந்துவிடும். கிறிஸ்டி மருத்துவமனை நர்ஸுகள், மாணவர்கள், என்னை மாதிரி இரண்டுங்கெட்டான்கள்.

போன முதல் வாரம் நான் கட்டிய கோட்டை: மழை ஊர் என்கிறார்கள், நாம் பார்க்காத மழையா. கணக்கு என் பக்கம்தான். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. மான்செஸ்டருக்கு 800 சொச்சம். பாதிக்குக் கொஞ்சம் மேல். அப்புறம் ஏன் அந்த ஊருக்கு மழை ஊர் என்று பெயர்?

ஒரு மாசத்தில் புரிந்தது. நம் மழை வந்தால் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும், வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கலாம். அங்கே அது வேலைக்கு வருகிற மாதிரி தினம் வரும். பெய்கிறதா இல்லையா என்றே தெரியாது. முகத்தில் ஈரத்துணியை வீசுகிற மாதிரி ஒரு தூறல். ஐந்து நிமிஷம் நின்றால் ஒன்றும் ஆகாது, பதினைந்து நிமிஷம் நின்றால் கால்சட்டை தொடையில் ஒட்டும். குடையைப் பங்குபோட்டுக்கொள்ள அதுதான் சரியான மழை. சென்னை நவம்பர் மழையில் குடைக்குள் இரண்டு பேர் நின்றால் இரண்டு பேரும் நனைவார்கள், காதல் வராது, சளி வரும்.

நானும் ஒரு தடவை குடை நீட்டினேன். என் பாட்டி வயசு அம்மா ஒருவர், தலையில் பிளாஸ்டிக் முக்காடு. "நன்றி கண்ணு, எனக்கு இது போதும்" என்று முக்காட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். அந்த நொடி ஒரு காற்று வந்து குடையைப் பூ மாதிரி மேல்பக்கம் விரித்துவிட்டது. வரிசையில் எட்டு பேர். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

15 ஜூன்

"வரிசையில் எட்டு பேர்" என்று நேற்று போகிறபோக்கில் எழுதினேன். பாட்டிலும் வரிசை இருக்கிறது: ஒரு க்யூவில் தொடங்கிய காதல் என்று அவனே சிரித்துக்கொள்கிறான். க்யூ இருந்தால்தான் இந்தப் பாட்டு நடக்கும். நம் ஸ்டாப்பில் பஸ் முப்பது அடி தள்ளி நிற்கும், ஓட வேண்டும். ஓடுகிறவர்களுக்குள் காதல் எப்படி வரும்?

(வரும் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அதில் ஒருவர் அப்படித்தான் கல்யாணமே செய்துகொண்டாராம். வாபஸ்.)

21 ஜூன்

ஒரு தியரி கிடைத்திருக்கிறது. சிரிக்காமல் கேளுங்கள்.

'பஸ் ஸ்டாப்'பில் பஸ் கொடுத்தது நடுப்பகுதி. சரி. பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்' (1967) எடுங்கள். லெனன் பாதி கனவு மாதிரி போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று அலாரம் அடிக்கும், மெக்கார்ட்னி குரல்: எழுந்தேன், தலை வாரினேன், நேரமாகிவிட்டது, ஓடிப்போய்ப் பஸ் பிடித்தேன், மேல் தட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட நாளில் பஸ்ஸுக்கு ஓடிய நினைவு அது. எந்த இடத்தில் வருகிறது? நடுவில்.

சைமன் அண்ட் கார்ஃபன்கலின் 'அமெரிக்கா' (1968). பிட்ஸ்பர்கில் கிரேஹவுண்ட் பஸ் ஏறுவது முன்னாடியே வந்துவிடும். ஆனால் பஸ்ஸுக்குள்ளே அவனும் அவளும் மற்ற பயணிகளின் முகத்தைப் பார்த்து விளையாடுகிறார்களே, அந்த கோட்டுக்காரர் உளவாளி, அவருடைய போ டையில் கேமரா இருக்கிறது என்று, அது எங்கே? மெட்டு திரும்புகிற நடுப்பகுதியில்.

மூன்றுக்கு மூன்று. பஸ் எப்போதும் பாட்டின் நடுவில்தான் வருகிறது. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் வருவது மாதிரி.

21 ஜூன், பத்து நிமிஷம் கழித்து

'அமெரிக்கா' பாட்டில் இன்னொன்று. எதுகை கிடையாது. இங்கிலீஷ் பாப்பில் வரி முடிவில் ஒலி இசையாமல் ஒரு முழுப் பாட்டு என்பது பெரிய காரியம். நாம் அதைக் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் அது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேசுகிற மாதிரியே போகிறது. சிகரெட் இருக்கா, கோட்டுப் பையில் ஒண்ணு இருந்துச்சே, இல்லை, ஒரு மணி நேரம் முன்னாடியே தீர்ந்துடுச்சு. இதற்கு எதுகை போட்டால் கெட்டுவிடும்.

22 ஜூன்

தியரி ஒரு நாள் தாங்கியது. பீட்டில்ஸின் 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' எங்கே என்று காலையிலேயே கேட்டுவிட்டார்கள். நடுவிலாவது ஒன்றாவது, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அது டூர் பஸ்தான்.

ஆனால் நல்ல கேள்வி. அந்தப் பாட்டை நான் பல வருஷம் போதை சமாச்சாரம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். 1967, மேஜிக், மிஸ்டரி, வேறு என்னவாக இருக்கும்? பாதி அதுவும்தான். மீதிப் பாதி சுத்தமான வடக்கு இங்கிலாந்து நடுத்தெருச் சமாச்சாரம். அங்கே 'மிஸ்டரி டூர்' என்று உண்மையிலேயே விற்பார்கள். பணம் கட்டி கோச்சில் ஏற வேண்டும், எங்கே போகிறோம் என்று சொல்ல மாட்டார்கள். வழியெல்லாம் ஜனங்கள் யூகிப்பார்கள், பாடுவார்கள், பீர் குடிப்பார்கள். மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார்: லிவர்பூலில் ஏறினால் போய் நிற்பது அநேகமாக எப்போதும் பக்கத்துக் கடற்கரை ஊர் பிளாக்பூல்தான். எல்லாருக்கும் தெரிந்த மர்மம்! எனக்கு இந்த முழு இழையிலும் பிடித்த விவரம் இதுதான். தெரியாத ஊருக்குப் போகிறோம் என்று தெரிந்த ஊருக்குப் போவது.

பாட்டை ஏப்ரல் 25, 1967 அன்று அபி ரோடு ஸ்டூடியோவில் ஆரம்பித்தார்கள். அப்போது கையில் தலைப்பு, கொஞ்சம் மெட்டு, ஒரு வரி சொச்சம், அவ்வளவுதான். வரிக்கு என்ன செய்வது? உதவியாளர் மால் எவன்ஸை கோச் நிலையங்களுக்கு அனுப்பினார்கள், அசல் மிஸ்டரி டூர் சுவரொட்டி கிடைத்தால் அதிலிருந்து வாசகம் எடுக்கலாமென்று. மனிதர் வெறுங்கையோடு திரும்பினார். அதனால்தான் அந்தப் பாட்டு ஏறுங்கள், ஏறுங்கள், கூட்டிப்போக வந்திருக்கிறோம் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. கிளீனர் பையன் பஸ் ஸ்டாண்டில் கத்துகிற மாதிரி. சுவரொட்டி கிடைத்திருந்தால் கெட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஹெட்போன் இருந்தால் ஸ்டீரியோவில் கேளுங்கள். ஆரம்பக் கூவல் முடிந்ததும் ஒரு வண்டிச் சத்தம் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஓடும். ஸ்டூடியோவின் ஒலி நூலகத்திலிருந்து எடுத்துப் போட்டது. நாலு டிரம்பெட் மே 3 அன்று சேர்ந்தது. முடிவில் எல்லாம் அடங்கி, பியானோ மட்டும் மெதுவாக வேறு ஊரில் வாசிக்கிற மாதிரி போகும். பஸ் ஆளை இறக்கிவிட்டுப் போன பிறகு வருகிற அமைதி.

22 ஜூன், இரவு

அதே பெயரில் பீட்டில்ஸ் எடுத்த படத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக. பாட்டு முதலில், படம் பின்னால். செப்டம்பர் 11, 1967 அன்று லண்டனில் பேக்கர் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பெட்ஃபோர்ட் கோச் கிளம்பியது. மஞ்சளும் நீலமும், பக்கவாட்டில் படத்தின் பெயர். முன்பக்கம் மட்டும் இரண்டு ஜோடிச் சக்கரம், இரண்டு ஜோடியும் திரும்பும். டெவன் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் போகிற வழியில் ஒரு குறுகின பாலத்தில் சிக்கிக்கொண்டது. பின்னாடி வண்டிகள் வரிசை கட்டி நிற்க, ரிவர்ஸ் எடுத்தே திரும்ப வேண்டியதாயிற்று. உலகத்தின் மிகப் பிரபலமான நாலு பேர் உள்ளே. மலைப்பாதையில் டூரிஸ்ட் பஸ் வளைவில் மாட்டினால் எல்லாரும் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்வார்களே, கண்ணுக்கு முன் அப்படியே ஓடுகிறது.

டிசம்பர் 26 அன்று பிபிசி ஒளிபரப்பியது, கறுப்பு வெள்ளையில். வண்ணத்துக்காகவே எடுத்த படம். திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். படத்தை நானும் முழுசாகப் பார்த்து முடிக்கவில்லை, தூங்கிவிட்டேன். டூர் பஸ்ஸிலும் எனக்கு அதுதான் நடக்கும்.

29 ஜூன்

பீட்டில்ஸும் பஸ்ஸும் என்று ஆரம்பித்தால் நிற்காது போலிருக்கிறது. ஜார்ஜ் ஹாரிசனின் அப்பா லிவர்பூலில் பஸ் கண்டக்டர், பிறகு டிரைவர். ஜார்ஜும் பால் மெக்கார்ட்னியும் பழகியதே பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில். ஊரின் மறுகோடியில் ஒருவருக்கு கிட்டாரில் 'பி செவன்த்' கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) போடத் தெரியும் என்று கேள்விப்பட்டு, அந்த ஒரு கார்டைக் கற்றுக்கொள்ளப் பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். போய்க் கற்றுக்கொண்டு அதே மாதிரி பஸ் ஏறித் திரும்பியிருப்பார்கள். விரலை அப்படியே மடக்கி வைத்துக்கொண்டு வந்திருப்பார்களோ என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. டிக்கெட்டை எந்தக் கையில் வாங்கினார்கள்?

6 ஜூலை

தி ஹூ குழுவின் 'மேஜிக் பஸ்' (1968) பற்றி மூன்று பேர் நினைவூட்டிவிட்டார்கள். மறக்கவில்லை, பிடிக்காது, அதனால் தள்ளிப்போட்டேன். நேற்று உட்கார்ந்து கேட்டேன். பிடித்துவிட்டது. என்ன செய்ய.

தினமும் காதலியைப் பார்க்க ஒரே பஸ்ஸில் போகிறவன். மூன்று பென்ஸ், ஆறு பென்ஸ் என்று தினமும் கட்டணம். அலுத்துப்போய் டிரைவரிடமே கேட்கிறான்: இந்த வண்டியை எனக்கு வித்துடு. மாட்டேன் என்கிறார் டிரைவர். பேரம் நடக்கிறது. பாட்டு முழுக்க இந்தப் பேரம்தான். சீசன் டிக்கெட் எடுக்கத் துப்பில்லாதவன் பஸ்ஸையே விலைபேசுவது நம்மூர்க் கூத்தில் கோமாளி செய்கிற வேலை.

முதல் கேள்விக்கு, அதாவது தாளம் என்கிற கேள்விக்கு, ஹாலீஸை விட இதுதான் நேரான பதில். மரக்கட்டைகளைத் தட்டுகிற சத்தம், அதன் மேல் போ டிட்லி என்ற அமெரிக்க கிட்டார்க்காரரின் பாணித் தாளம், ஏறாமல் இறங்காமல் ஒரே கார்டைச் சுற்றிச் சுற்றி. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று கிளம்புகிற வண்டி. ஜூன் 5ஆம் தேதி நான் சொன்ன பின் ஜன்னல் கண்ணாடிக்கு அண்ணன்.

ஒரு கிளைக்கதை: நான் மான்செஸ்டரில் ஏறிய பஸ்களில் பாதிக்குப் பெயரே 'மேஜிக் பஸ்'. ஸ்டேஜ்கோச் கம்பெனி குறைந்த கட்டணத்துக்கு அந்தப் பெயரில் நீல நிற டபுள் டெக்கர்களை வில்ம்ஸ்லோ ரோட்டில் விட்டிருந்தது. மாணவர் கூட்டம் முழுக்க அதில்தான். பெயர்க் காரணம் தேடிய ஆளில்லை, எல்லாரும் கட்டணத்தைத்தான் பார்த்தோம். 2025 ஜனவரி 5 முதல் அங்கே எல்லாப் பஸ்ஸும் பொது நிர்வாகத்தின் கீழ் வந்து, 'பீ நெட்வொர்க்' என்று மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. நல்லதுதான். இருந்தாலும் படத்தில் அந்த ரோட்டைப் பார்த்தபோது யாரோ என் வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி இருந்தது.

13 ஜூலை

"ஸ்டாப்பில் நீங்கள் யாரிடமும் பேசவே இல்லையா?" என்று ஒரு கேள்வி.

ஒருவர் இருந்தார். ஐம்பது வயசு இருக்கும். கையில் எப்போதும் பச்சை மூடி போட்ட சாப்பாட்டு டப்பா, பை கிடையாது, டப்பாவை அப்படியே கையில் பிடித்திருப்பார். காலை 8.10க்கு ஸ்டாப்புக்கு வருவார். முதல் மூன்று மாசம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் தலையை லேசாக ஆட்டினார். நானும் ஆட்டினேன். ஒரு வருஷம் அதுதான் உறவு. அவர் வராத நாளில் எனக்கு ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தேன், அன்றைக்கு வழக்கத்தை விடக் கொஞ்சம் பெரிதாக ஆட்டினார். அவ்வளவுதான் விசாரிப்பு.

2010 டிசம்பர். அந்தக் குளிர் அங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ரோடு முழுக்கப் பனி, உறைந்து கண்ணாடி மாதிரி. 8.10, 8.30, 8.45. பஸ் இல்லை. அவர் டப்பாவைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "இன்றைக்கு வராது" என்றார். நான் முதன்முதலாகக் கேட்ட அவர் குரல். நடந்தோம். ரஷோம் வரை ஒன்றாக. வழுக்கும் இடம் வந்தால் முழங்கையைப் பிடித்துக்கொள்வார், பிடித்ததும் விட்டுவிடுவார். பேசியதெல்லாம் அவருடைய வலது முழங்கால், அதற்கு டாக்டர் சொன்னது, டாக்டர் சொன்னதை மனைவி நம்பாதது. டப்பாவில் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. ஒரு சந்து வந்ததும் "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

நாலு நாளில் பஸ் ஓடியது. ஸ்டாப்புக்குப் போனேன். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன், முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கலாமென்று. அவர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பஸ் வந்தது.

14 ஜூலை

இல்லை, பெயர் கேட்கவில்லை. இல்லை, அவருக்கும் என் பெயர் தெரியாது. போதும்.

2 ஆகஸ்ட்

நம் முதல் வாசகர் மூன்று வாரம் கழித்து வந்து ஒரே வரி எழுதியிருக்கிறார்: "பஸ் ஸ்டாப் கேட்டேன். அவங்க கடைசிவரை பஸ் ஏறாம எப்படி வேலைக்குப் போனாங்க?"

இதை நான் யோசிக்கவே இல்லை. ஜூன் 3ஆம் தேதி இரவு "ஒருத்தரும் பஸ் ஏறவில்லை" என்று கண்டுபிடித்த பெருமையில் இருந்தவன் நான். மறுபடி கேட்டேன். பஸ் விட்டது முதல் நாள் மட்டும். மற்ற நாளெல்லாம் ஏறித்தான் இருக்க வேண்டும், பாட்டு அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தினமும் ஏறிப் போகிறவர்களுக்கு ஏறியதைச் சொல்லத் தோன்றாது. நான்கூட மூன்று வருஷக் கதை சொன்னேன், பஸ்ஸுக்குள்ளே நடந்தது என்று சொன்னது பிரியாணி வாசனை ஒன்றுதான்.

குடை என்ன ஆயிற்று என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு கம்பி போய்விட்டது. மொட்டைமாடியில் வடாம் காயும்போது காக்கா வராமல் இருக்க அம்மா விரித்து வைக்கிறார்.